வால்பாறை மழைக்கும் அந்தமான் கடலுக்கும் ஒரே கேமரா: எதை வாங்குவது?

நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. ஜூலையில் மூன்று நாள் வால்பாறை, மழை நிச்சயம். ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான். ஸ்நார்க்ளிங் உண்டு, தைரியம் வந்தால் ஒரு ஸ்கூபா டைவும் உண்டு. கையில் இருப்பது ஐ.பி.68 என்று போட்ட போன். அது போதுமா, இல்லை தண்ணீர், தூசி, அடி எல்லாம் தாங்கும் கேமரா தனியாக வாங்க வேண்டுமா? வாங்கினால் 10 மீட்டர் ஆழம் தாங்குவதா, 30 மீட்டர் தாங்குவதா? பட்ஜெட் 50,000 ரூபாய். கடைசியாக, கறுப்பா சிவப்பா என்று வீட்டில் ஒரு விவாதமும் ஓடுகிறதாம்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வால்பாறை மட்டும் என்றால் செலவே வேண்டாம், இருக்கிற போன் போதும். கடலில் இறங்குவது உறுதி என்றால் வாங்குங்கள். வாங்கும்போது பெட்டிமேல் போட்டிருக்கும் மீட்டர் கணக்கைப் பார்க்கிற நேரத்தில் பாதியையாவது பேட்டரி மூடியைப் பார்க்கச் செலவிடுங்கள். நான் பார்த்தவரை இந்த வகைக் கேமராக்கள் ஆழ்கடலில் சாவதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில்தான் சாகின்றன.

போனிலிருந்து ஆரம்பிப்போம். ஐ.பி. எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தூசியில் 6தான் உச்சம். தண்ணீரில் 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை, ஆனால் எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிக்கும் நிறுவனமே சொல்லிக்கொள்ளலாம். அதனால்தான் அதே ஐ.பி.68 முத்திரையோடு சாம்சங் காலக்ஸி போன்கள் 1.5 மீட்டர் என்கின்றன, ஐபோன் 12க்குப் பிறகு வந்த பெரும்பாலான ஐபோன்கள் 6 மீட்டர் என்கின்றன. இரண்டுக்கும் நேரம் 30 நிமிடம். சோதனை நடப்பது ஆய்வுக்கூடத்தில், அசையாத நல்ல தண்ணீரில். அலையும் உப்பும் மணலும் அந்தக் கணக்கில் வரவில்லை. தண்ணீர் புகுந்து போன் கெட்டால் பொதுவாக வாரண்டியிலும் வராது.

சரி, துணிந்து கடலுக்குள் கொண்டுபோனால்? தொடுதிரை வேலை செய்யாது. திரை முழுக்கத் தண்ணீர் சூழ்ந்துவிட்டால் எது விரல், எது தண்ணீர் என்று அதற்குத் தெரியாது. மழையில் நின்று போனைத் திறக்க முயன்றவர்களுக்கு இந்த எரிச்சல் பழக்கம்தான். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று. அந்தமானில் உங்கள் ஃபெர்ரி டிக்கெட், ஹோட்டல் புக்கிங், பணம் அனுப்பும் ஆப், பேங்க் ஓ.டி.பி. எல்லாம் அந்த ஒரு போனில்தான் இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பவளப்பாறைக்கு மேல் மிதப்பவர் மீனைப் பார்க்க மாட்டார், போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

போனுக்காக ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டும். தரைக்கு மேலே, நல்ல போன்தான் ஜெயிக்கும். இந்த முரட்டுக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது 1/2.33 அங்குல சென்சார், அதாவது சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். இன்றைய விலை உயர்ந்த போன்களின் முதன்மைக் கேமராவில் இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பரப்பளவு உள்ள சென்சார் இருக்கிறது, போதாததற்குப் பல படங்களை ஒன்றாகக் கலந்து இருட்டைச் சரிசெய்யும் மென்பொருளும் இருக்கிறது. வால்பாறையில் மூட்டம் போட்ட சாயங்காலத்தில் சோலைக்காட்டைப் போனில் ஒன்று, முரட்டுக் கேமராவில் ஒன்று எடுத்துப் பாருங்கள். 50,000 ரூபாய் கொடுத்ததற்கு வருத்தப்படுவீர்கள். ஆகவே மலைக்கு ஒரு ஜிப் கவரும் நல்ல மைக்ரோஃபைபர் துணி இரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு துணி ஏன் என்றால், ஒன்று அரை மணி நேரத்தில் நனைந்துவிடும்.

இப்போது மூடி. இந்தக் கேமராக்களின் பேட்டரி மூடியைத் திறந்தால் உள்பக்கம் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று ஓடும். நம் வீட்டுக் குக்கர் கேஸ்கெட்டின் தம்பி. குக்கர் கேஸ்கெட்டில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் விசில் வராமல் ஓரத்தில் ஆவி போவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே கதைதான், திசை மட்டும் மாறும். தண்ணீர் உள்ளே வரும்.

என் முதல் வாட்டர்ப்ரூஃப் கேமரா அப்படித்தான் போனது. பெயர் வேண்டாம், தவறு என்னுடையது. பெட்டியில் 10 மீட்டர் என்று போட்டிருந்தது. ஹேவ்லாக் தீவில், இப்போது ஸ்வராஜ் த்வீப், காலையில் ஒரு மணி நேரம் அருமையாக வேலை செய்தது. மெமரி கார்டு நிரம்பியது. கரைக்கு வந்து, துண்டால் கையைத் துடைத்துவிட்டு, படகின் விளிம்பில் உட்கார்ந்தபடியே மூடியைத் திறந்து கார்டை மாற்றினேன். மூடினேன், ‘க்ளிக்’ என்று சத்தமும் கேட்டது. திரும்ப இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீர். இரண்டாவது நிமிடம் திரையின் ஒரு மூலையில் பனி படர்ந்ததுபோல் வெள்ளை. அது மெதுவாகப் பரவி நடுவுக்கு வந்தது. அப்புறம் லென்ஸ் மோட்டார் ஒரு முனகு முனகியது, அவ்வளவுதான். அறைக்குப் போய் மூடியைத் திறந்தபோது கேஸ்கெட்டுக்குக் குறுக்கே துண்டின் ஒற்றை நூல் கிடந்தது. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். உள்ளே வந்திருந்தது ஒரு தேக்கரண்டித் தண்ணீர்கூட இல்லை. பேட்டரி முனைகளில் பச்சை பூக்க அது போதும்.

10 மீட்டர் தாங்க வேண்டியது 1 மீட்டரில் ஏன் போனது என்று அப்போது புரியவில்லை. விஷயம் இதுதான்: தண்ணீருக்குள் 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் மூடியை வெளியிலிருந்து கேஸ்கெட்மேல் வைத்து அழுத்துகிறது. அதாவது சுத்தமான கேஸ்கெட் கீழே போகப் போக இன்னும் இறுகும். மேல்மட்டத்தில் அந்த உதவி கிடையாது. அங்கே மூடியின் கொக்கி மட்டும்தான் காவல். ஏற்கெனவே முடியோ மணலோ நூலோ கிடந்தால் இடுப்பளவுத் தண்ணீரிலேயே வழி கிடைத்துவிடும். படகிலிருந்து கேமராவோடு குதிப்பது, குழாயைத் திறந்து வேகமான நீரில் காட்டுவது இரண்டையும் வேண்டாம் என்று கையேடுகள் சொல்வதற்கும் காரணம் உண்டு. அந்த ஒரு நொடி அடியில் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும்.

அதனால் கடையில் கேமராவைக் கையில் வாங்கியதும் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். பூட்டு ஒன்றா இரண்டா? இரண்டு அசைவு செய்தால்தான் திறக்கும் என்பது நல்லது; பையில் உரசித் தானாகத் திறந்துகொள்ளாது. பூட்டாமல் விட்டால் சிவப்போ மஞ்சளோ தெரிகிற மாதிரி அடையாளம் இருக்கிறதா? கேஸ்கெட் உட்காரும் பள்ளத்தை விரலால் துடைக்க முடிகிறதா, இல்லை இடுக்கில் ஒளிந்திருக்கிறதா? எத்தனை மூடிகள்? பேட்டரிக்கு ஒன்று, சார்ஜர் வயருக்கு ஒன்று என்று இரண்டு இருந்தால் கவனிக்க வேண்டிய இடமும் இரண்டு.

வாங்கிய பிறகு ஒரே ஒரு பழக்கம் போதும். அன்றைக்குத் தேவையான பேட்டரி, கார்டு எல்லாவற்றையும் காலையில் ஏ.சி. அறையிலேயே போட்டு மூடிவிடுங்கள். கடற்கரையில் திறக்கவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். அங்கே மூடினால் அந்த ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள். வெயிலில் கிடந்து 45 டிகிரிக்குச் சூடான கேமராவை 27 டிகிரிக் கடலில் விட்டால் உள்ளிருக்கும் ஈரம் லென்ஸின் உள்பக்கம் பனியாகப் படியும். போதாததற்கு, உள்ளே அடைபட்ட காற்று குளிர்ந்து அதன் அழுத்தம் சுமார் 6 சதவீதம் குறையும். கேமராவே தண்ணீரை உறிஞ்சப் பார்க்கும். ஏ.சி. அறைக் காற்று வறண்டது, அந்தத் தொல்லை குறைவு. வெயிலில் வைக்காமல் ஈரத் துணியில் சுற்றி வையுங்கள்.

கடலிலிருந்து வந்ததும் மூடியைத் திறக்காமல் ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஊற வைத்து, பட்டன்களை அழுத்தி அழுத்தி விடுங்கள். உப்பு காய்ந்து கல்லானால் பட்டன் இடுக்கில் கத்திபோல் நிற்கும். சோப்பு வேண்டாம். சன்ஸ்க்ரீன், கொசு விரட்டும் களிம்பு பூசிய கையால் கேஸ்கெட்டைத் தொடாதீர்கள். அட்டைக்குப் பயந்து வால்பாறையில் எதையெல்லாம் பூசிக்கொள்வோம் என்பது தெரியும், அதில் சில மருந்துகள் பிளாஸ்டிக்கையே இளக்கும். கேஸ்கெட்டை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி ஒலிம்பஸ் கையேட்டிலேயே இருக்கிறது. இங்கே அதை யார் மாற்றித் தருவார்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கடைக்காரரிடம் கேளுங்கள். முழிப்பார். பரவாயில்லை, விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1960களின் தொடக்கத்தில் பிரான்ஸில் கலிப்ஸோ என்று ஒரு கேமரா வந்தது. கடலாய்வாளர் ழாக் கூஸ்தோவுக்காக ழான் த வூத்தேர் என்ற பொறியாளர் வடிவமைத்தது. தனியாக ஒரு பெட்டிக்குள் வைக்காமல் அப்படியே தண்ணீருக்குள் கொண்டுபோகலாம். அந்த வடிவமைப்பை நிக்கான் வாங்கி 1963இல் நிக்கோனோஸ் என்று வெளியிட்டு, 2001 வரை அந்த வரிசையைத் தயாரித்தது. அதை வைத்திருந்தவர்களும் ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்பும் ரப்பர் வளையத்தைக் கழற்றி, முடி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் இறங்கினார்கள்.

ஆழக் கணக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டீர்கள். ஸ்நார்க்ளிங்கில் நீங்கள் மேலேயே மிதப்பீர்கள். மூச்சைப் பிடித்து முங்கினாலும் 3 மீட்டர் தாண்ட மாட்டீர்கள். பயிற்சி இல்லாதவர்களைப் பயிற்றுநர் கையைப் பிடித்து அழைத்துப்போகும் முதல் டைவுக்கு 12 மீட்டர்தான் உச்ச வரம்பு. ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை டைவிங் சான்றிதழ் வாங்கினால் 18, அடுத்த கட்டத்துக்கு 30. ஆக, 15 மீட்டர் தாங்குவது உங்களுக்குத் தாராளம். 30 மீட்டர் என்று போட்டதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது, இரண்டாவது மாடியில் குடியிருப்பவர் இருபது மாடி லிஃப்டுக்குச் சந்தா கட்டுவது மாதிரி. பின்னால் டைவிங் பைத்தியம் பிடித்துவிட்டால், அப்போது ஹவுஸிங் எனப்படும் தனிக் கூடு ஒன்றை வாங்கி அதற்குள் இதே கேமராவைப் போட்டுக்கொள்ளலாம்.

அடி தாங்கும் கணக்கையும் இதே கண்ணோடு பாருங்கள். நிக்கான் தன் டபிள்யூ.300 மாடல் 2.4 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்றது. அந்தச் சோதனையில் கேமரா விழுந்தது 5 செ.மீ. தடிமனான ப்ளைவுட் பலகையில். நம் ஊர் மலைகளில் ப்ளைவுட் போட்டு வைத்திருக்கவில்லை. பாறையில் விழுந்தாலும் ஓடும், பெரும்பாலும் ஓடும்தான். ஆனால் ஒருமுறை பலமாக அடிபட்ட கேமராவைப் பழைய நம்பிக்கையோடு தண்ணீருக்குள் விடாதீர்கள். கூடு கண்ணுக்குத் தெரியாமல் கோணியிருந்தால் மூடி சரியாக உட்காராது.

சரி, எதை வாங்குவது? நான் ஓ.எம். சிஸ்டம் டஃப் டி.ஜி.-7 என்பேன். பழைய ஒலிம்பஸ்தான், 2021இல் ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவைக் கைமாற்றியது, பெயர் மாறியது. டி.ஜி.-6 2019இல் வந்தது, டி.ஜி.-7 2023இல். 15 மீட்டர் ஆழம், 2.1 மீட்டர் வீழ்ச்சி, 100 கிலோ எடை அழுத்தம், மைனஸ் 10 டிகிரி குளிர் எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் சொல்கிறார்கள். எடை கால் கிலோ. 12 மெகாபிக்ஸல்தானா என்று முகம் சுளிக்காதீர்கள். இவ்வளவு சின்ன சென்சாரில் 20 மெகாபிக்ஸல் திணித்தால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள்தான் கூடும். ஜூம் செய்யாத அகலக் கோணத்தில் லென்ஸின் துளை எஃப் 2.0; இந்த எண் சின்னதாக இருந்தால் துளை பெரிது. மங்கல் வெளிச்சத்தில் இதுதான் கைகொடுக்கும். ரா கோப்பு, அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு, தருகிறது. கடலுக்கடியில் எடுத்த பச்சை நீலப் படங்களைப் பிறகு சரிசெய்ய அது வேண்டும். டி.ஜி.-6க்கும் 7க்கும் படத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 7இல் டைப்-சி சார்ஜர் வந்திருக்கிறது, பிடி கொஞ்சம் மேம்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 550 டாலருக்கு அறிமுகமானது, ஆகவே உங்கள் பட்ஜெட்டின் விளிம்பில்தான் நிற்கும். கடையில் பழைய டி.ஜி.-6 பெட்டி பிரிக்காமல், பில்லோடு, நல்ல குறைந்த விலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டி.ஜி. கேமராக்களின் மேல்பக்கம் ‘LOG’ (பூட்டு இல்லை, பதிவு) என்று சின்ன நெம்பு ஒன்று இருக்கும், போகிற பாதையை ஜி.பி.எஸ்.சில் பதிவு செய்வதற்கு. பையில் உரசி அது தள்ளப்பட்டால் கேமரா அணைந்திருந்தாலும் பேட்டரி கரையும். ஒரு சார்ஜுக்குச் சுமார் 330 படம் என்பதே கணக்கு. உபரி பேட்டரி ஒன்று கட்டாயம்.

மற்றவை? பென்டாக்ஸ் டபிள்யூ.ஜி.-90 கொஞ்சம் மலிவு. 14 மீட்டர் ஆழம், 1.6 மீட்டர் வீழ்ச்சி, லென்ஸைச் சுற்றி ஆறு சின்ன எல்.இ.டி. விளக்குகள். பகல் வெளிச்சத்தில் குழந்தைகள் கையில் கொடுக்க நல்ல பொருள். கோடாக் பிக்ஸ்ப்ரோ டபிள்யூ.பி.இஸட்.2 அதைவிடவும் மலிவு, அதுவும் 15 மீட்டர் என்கிறது. நீச்சல்குளத்துக்கு ஆகும், மலைக்காட்டு இருட்டுக்கு ஆகாது. நிக்கான் டபிள்யூ.300, பானசோனிக் எஃப்.டி.7, ஃபுஜிஃபில்ம் எக்ஸ்.பி.140 மூன்றும் ஒருகாலத்தில் நல்ல போட்டியாளர்கள். இன்று பழையதாகத்தான் கிடைக்கின்றன. போன் வந்து இந்தச் சந்தையைச் சாப்பிட்டுவிட்டது.

பழையது வாங்கலாமா என்றும் யாராவது கேட்பீர்கள். வாங்கலாம், மழைக்கும் மணலுக்கும். கடலுக்கு வேண்டாம். ஐந்து வருடம் ஆன ரப்பர் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. விற்பவர் அதைத் தண்ணீரில் இறக்கினாரா, கீழே போட்டாரா என்பதும் தெரியாது.

இந்த வகைக் கேமராக்களில் லென்ஸ் வெளியே நீளாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே வரும் ஒளியைக் கண்ணாடியோ பட்டகமோ வைத்து 90 டிகிரி திருப்பிவிட்டு, ஜூம் அசைவை உடம்புக்குள்ளேயே முடித்துக்கொள்கிறார்கள். நீளும் குழாய்க்கு ரப்பர் அடைப்பு போட்டுத் தண்ணீரைத் தடுப்பது கஷ்டம் என்பதால் இந்த ஏற்பாடு. இதற்கு நாம் கொடுக்கும் விலை, ஜூம் நான்கைந்து மடங்கோடு நின்றுவிடும். வால்பாறையில் எதிர் மரத்து இருவாச்சியை எடுக்க வேண்டும் என்றால் இந்தக் கேமரா உதவாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீருக்கடியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. தட்டையான கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் பார்த்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கேமராவுக்கும் அப்படித்தான். லென்ஸின் குவியத் தூரத்தை மி.மீ.யில் சொல்வார்கள், எண் சின்னதானால் காட்சி அகலம். 25 மி.மீ. அகலக் கோணம் தண்ணீருக்குள் 33 மாதிரி நடந்துகொள்ளும், 28 மி.மீ.யில் ஆரம்பிக்கும் லென்ஸ் 37 ஆகிவிடும். ஆகவே விவர அட்டையில் ஜூம் எத்தனை மடங்கு என்று பார்க்காமல் எந்த எண்ணில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். சின்ன எண் நல்லது. தண்ணீருக்குள் ஜூம் செய்வதே வீண் வேலை. மீனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர்தான் படத்தைக் கெடுக்கிறது, அதைக் குறைக்க வேண்டும் என்றால் கிட்டத்தில் போக வேண்டும், பொறுமையாக. சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே காணாமல் போகும். கேமராவின் நீருக்கடி முறையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து பாயும் ஃப்ளாஷ் தண்ணீரில் மிதக்கும் தூசியையெல்லாம் வெள்ளைப் புள்ளியாக்கி, அந்தமானில் பனி பெய்ததுபோல் காட்டும். பவளத்தின்மேல் காலை ஊன்றி நின்று படம் எடுக்காதீர்கள். அது கல் இல்லை, உயிர்.

மலைக்குப் போன் போதும் என்றேன். டி.ஜி. கேமராவை எப்படியும் கடலுக்காக வாங்கிவிட்டீர்கள் என்றால் அதை வால்பாறைக்கும் கொண்டுபோக ஒரே ஒரு காரணம் உண்டு. அதன் மைக்ரோஸ்கோப் முறை. லென்ஸ் முனையிலிருந்து 1 செ.மீ. தள்ளி இருக்கும் பொருளையும் துல்லியமாகக் காட்டும். இந்த வகையில் வேறு எதுவும் இதற்கு ஈடு இல்லை என்பது என் கருத்து. பூச்சிப் பைத்தியங்கள் இதற்காகவே பெரிய கேமராவோடு இதையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவார்கள்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, தேயிலைத் தோட்டத்து ஓடை ஓரம். ‘டிக், டிக், டிக்’ என்று சத்தம், ஆளைக் காணோம். டார்ச்சைக் கையால் மறைத்து மறைத்துத் தேடினால் இடுப்புயரக் காப்பி இலை ஒன்றின்மேல் புதர்த்தவளை. என் கட்டைவிரல் நகம் அளவு. கத்தும்போது தொண்டைப் பை அதன் தலையைவிடப் பெரிதாக உப்பியது. இந்த இனங்களுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையாகவே வரும். கிட்டே போனால் கத்தலை நிறுத்திவிடும். இங்கே ஒரு தந்திரம்: 1 செ.மீ. வரை போகாதீர்கள். மைக்ரோஸ்கோப் முறையிலேயே ஜூமைக் கடைசி வரை தள்ளிவிட்டு ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். தவளை பயப்படாது, கேமராவின் நிழலும் அதன்மேல் விழாது. எல்.ஜி.-1 என்ற வளையம் ஒன்று தனியாக விற்கிறார்கள். கேமராவின் சின்ன விளக்கை லென்ஸைச் சுற்றிப் பரப்பிவிடும். மழை கொட்டிக்கொண்டிருந்தது, சட்டைக்குள் தண்ணீர் ஓடியது, காலுறைக்குள் அட்டை ஏறியது. கேமராவைப் பற்றி மட்டும் கவலை இல்லை. பத்துப் பன்னிரண்டு எடுத்ததில் மூன்று தேறின. ஒன்றில் அந்தத் தொண்டைப் பைமேல் ஒரு மழைத்துளி, அதற்குள் தலைகீழாக என் டார்ச். இரண்டு நிமிடத்துக்கு மேல் வெளிச்சம் அடிக்காமல் விட்டுவிட்டு வந்தோம்.

இதை என் போனில் எடுத்திருக்க முடியாது. ஈரத்தில் திரை தானாக எதையோ அழுத்திக்கொண்டிருந்தது.

கோப்ரோ மாதிரியான ஆக்‌ஷன் கேமராவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைக்காரர் அதைத்தான் நீட்டுவார். உங்களுக்கு முக்கியம் வீடியோ என்றால் அவர் சொல்வது சரி. ஆட்டமில்லாமல் ஓடும், தலையில் மார்பில் கட்டிக்கொள்ளலாம், அண்மைக்கால கோப்ரோ ஹீரோ மாடல்கள் 10 மீட்டர் வரையும், டி.ஜே.ஐ. ஆஸ்மோ ஆக்‌ஷன் 5 ப்ரோ 20 மீட்டர் வரையும் கூடு இல்லாமலே இறங்கும். ஆனால் நிலைப்படத்துக்கு ஜூம் இல்லை, மிகக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாது, சின்ன மீன் படத்தில் எள்ளாகத் தெரியும். பிள்ளைகள் கடலில் குதிப்பதும் சிரிப்பதும் போதும் என்றால் அதையே வாங்குங்கள், தவறில்லை. உங்கள் கேள்வியில் ‘படம்’ என்ற சொல் நான்கு முறை வந்ததால்தான் நான் டி.ஜி. பக்கம் சாய்ந்தேன்.

நூறு இருநூறு ரூபாய்க்கு விற்கும் பிளாஸ்டிக் பைக்குள் போனைப் போட்டுக் கடலில் இறங்குவது பற்றி: படகுச் சவாரிக்குச் சரி, முங்குவதற்கு நான் நம்ப மாட்டேன். ஸீலைஃப் ஸ்போர்ட் டைவர் போன்ற முறையான போன் கூடுகள் 40 மீட்டர் வரை தாங்கும், உள்காற்றை உறிஞ்சி எடுத்துக் கசிவு இருக்கிறதா என்று இறங்கும் முன்பே பார்க்கவும் வழி உண்டு. விலை இங்கே வந்து சேரும்போது கேமராவின் விலையை நெருங்கிவிடும்.

கேமரா வந்ததும் நேராக அந்தமானுக்கு எடுத்துப்போகாதீர்கள். பேட்டரியும் கார்டும் இல்லாமல், ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தை மட்டும் உள்ளே வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். அவ்வப்போது பட்டன்களை அழுத்துங்கள். எடுத்து நன்றாகத் துடைத்து, மூடி கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் திறந்து, காகிதத்தைத் தடவிப் பாருங்கள். வாளியில் தேறியது 12 மீட்டரிலும் தேறும் என்று அர்த்தமில்லை. ஆனால் வாளியிலேயே கசிந்தால் பில்லோடு கடைக்கு ஓட அதுதான் நேரம்.

அதே வாளியில் இன்னொன்றும் தெரிந்துவிடும்: கேமரா மூழ்கும். கல்லைப்போல நேராக அடிக்குப் போகும். மணிக்கட்டில் கட்டும் மிதவைப் பட்டி ஒன்று வாங்குங்கள், நுரை அடைத்தது. அதையும் கேமராவோடு வாளியில் போட்டு உண்மையில் மிதக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பட்டியும் கால் கிலோவைத் தூக்காது.

வீட்டு விவாதத்துக்கு வருவோம். டி.ஜி.-7 கறுப்பிலும் சிவப்பிலும் வருகிறது. கறுப்பு கம்பீரமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓடைக்கல் இடுக்கில் விழுந்த கறுப்புக் கேமராவை இருட்டுகிற நேரத்தில் மூன்று பேர் முக்கால் மணி நேரம் தேடியிருக்கிறோம். சிவப்பு வாங்குங்கள். கடலுக்கடியில் அந்தச் சிவப்பும் மங்கிவிடும் என்று வீட்டில் யாராவது மடக்கினால், அதற்குத்தான் மஞ்சள் மிதவை என்று சொல்லிக்கொள்ளலாம்.